தூசி போனது, கரி போகவில்லை

சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறங்கிக்கொண்டிருந்த காலத்தில், மாசு என்றால் என்ன என்று கல்மண்டபத்துக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஜன்னல் கம்பியைத் தொட்டால் விரலில் கறுப்பு ஒட்டும். மொட்டைமாடியில் காயப்போட்ட வெள்ளைத் துணி மாலைக்குள் மங்கிவிடும். ராயபுரம், காசிமேடு என்று துறைமுகத்தை ஒட்டிய பகுதிகள் முழுக்க இதே புகார்தான். கடைசியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி, 2011 அக்டோபர் முதல் அந்தத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதும் கையாள்வது நின்றது. கரி வடக்கே, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்குப் போனது.

ராயபுரத்துக்குக் கிடைத்த நிம்மதி உண்மையானது. ஆனால் அந்த வெற்றியிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் தவறானது. கண்ணில் படுவதும் மூக்கில் ஏறுவதும்தான் மாசு என்று அந்தப் பாடம் சொல்கிறது. தூசியை அடக்கி, சாம்பலைப் பிடித்து, கந்தகத்தை வடிகட்டிவிட்டால் நிலக்கரி சுத்தமாகிவிடுமாம். எஞ்சுவது கரியமில வாயு மட்டும். அதுவோ மனிதர் மூச்சில் விடுவது, மரம் செடிகள் உண்பது, காற்றில் வெறும் 0.04 சதவீதம் இருப்பது. அதைப் பற்றிப் பேசுவது பணக்கார நாடுகளின் கவலை. எண்ணூர்க்காரனுக்கு அதைவிடப் பெரிய கவலைகள் இருக்கின்றன.

இது தேநீர்க்கடைப் பேச்சோடு நிற்கும் கருத்து அல்ல. தொலைக்காட்சி விவாதங்களில் வருகிறது. சாம்பலுக்கு எதிராக நேர்மையாகப் போராடுகிறவர்கள் சிலரிடமும் இருக்கிறது. அமெரிக்காவில் 2025இல் அரசுக் கொள்கையாகவே மாறத் தொடங்கியது. பசுங்குடில் வாயுக்கள் மக்கள் நலத்துக்கு ஆபத்தானவை என்று 2009இல் அறிவித்த அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, அந்த அறிவிப்பைத் திரும்பப் பெறலாம் என்று 2025 ஜூலையில் தானே முன்மொழிந்தது. அதே நேரத்தில் அந்நாட்டு எரிசக்தித் துறை வெளியிட்ட அறிக்கை, இந்த வாயு பயிர் வளர்ச்சிக்கு உதவுகிறது என்பதை முன்னால் நிறுத்தியது.

இந்தியச் சட்டமும் ஏறக்குறைய அதே கண்ணோடுதான் பார்க்கிறது. 2009இல் அறிவிக்கப்பட்ட தேசியக் காற்றுத் தரப் பட்டியலில் 12 மாசுகள் உண்டு. கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் டை ஆக்சைடு, நுண்துகள்கள், ஓசோன், ஈயம், அம்மோனியா, பென்சீன் எல்லாம் இருக்கின்றன. கரியமில வாயு இல்லை. அனல்மின் நிலையங்களுக்கென்று 2015 டிசம்பரில் வந்த புதிய வரம்புகள் துகள், கந்தகம், நைட்ரஜன் ஆக்சைடு, பாதரசம் ஆகியவற்றுக்கு எண்களைக் குறித்தன. கரியமில வாயுவுக்கு எண் இல்லை. ஒரு மின்நிலையம் எல்லா வரம்புகளையும் ஒழுங்காகக் கடைப்பிடித்து, "விதிமீறல் இல்லை" என்று சான்று வாங்கிக்கொண்டே ஆண்டுக்குப் பல லட்சம் டன் கரியமில வாயுவை வானில் விடலாம்.

அந்த அளவு எவ்வளவு என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் கட்டம் 630 மெகாவாட். இரண்டாம் கட்டம் 1,200. 2024 மார்ச்சில் திறக்கப்பட்ட மூன்றாம் கட்டம் 800. பக்கத்தில் வல்லூரில் தேசிய அனல்மின் கழகமும் தமிழ்நாடு மின்வாரியமும் சேர்ந்து நடத்தும் நிலையம் 1,500. ஆக மொத்தம் 4,130 மெகாவாட். நிலக்கரியிலிருந்து ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க ஏறத்தாழ 0.9 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. பழைய அலகுகளில் இன்னும் அதிகம். இவை அனைத்தும் தங்கள் திறனில் பாதி அளவுக்கே ஓடுவதாக வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்குச் சுமார் 1 கோடியே 60 லட்சம் டன். எண்ணூர் முகத்துவாரத்தைச் சுற்றிய சில கிலோமீட்டர் நிலத்திலிருந்து மட்டும் இவ்வளவு.

இதில் எதையும் வடிகட்டி நிறுத்த முடியாது. புகைபோக்கிக்கு முன்னால் இருக்கும் மின்னியல் சாம்பல் பிடிப்பான் பறக்கும் சாம்பலில் 99 சதவீதத்துக்கு மேல் பிடித்துவிடும். அது திடப்பொருளைப் பிடிக்கிறது. வாயு அதற்குள் தடையில்லாமல் போகிறது. கந்தகத்தை நீக்கும் அமைப்போ சுண்ணாம்புக் கல்லைக் கரைத்துத் தெளிக்கிறது. கந்தக டை ஆக்சைடு சுண்ணாம்போடு சேரும்போது அந்தக் கல்லுக்குள் இருந்த கரியமில வாயு கொஞ்சம் வெளியேறவே செய்கிறது. கந்தகம் நுரையீரலைக் கெடுக்கிறது, அந்த அமைப்பு கட்டாயம் வேண்டும். ஆனால் அதைப் பொருத்திவிட்டால் நிலக்கரி சுத்தம் என்று சொல்வதில் பொருளே இல்லை. 12 கிலோ கரிமம் எரிந்தால் 44 கிலோ கரியமில வாயு உண்டாகும். சாம்பல் நிலக்கரியில் கலந்திருந்த மண். கரியமில வாயுவோ எரிதலின் விளைபொருள். எரிப்பதே அதை உண்டாக்குவதுதான்.

"அதையும் பிடித்துவிடும் தொழில்நுட்பம் வந்துவிட்டதே" என்பார்கள். வந்திருக்கிறது, தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. தூத்துக்குடி ஆல்கலி நிறுவனம் தன் நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் கரியமில வாயுவைப் பிரித்துச் சோடா உப்பு தயாரிக்கும் திட்டத்தை 2016இல் தொடங்கியது. உலகமே கவனித்த முயற்சி அது, பாராட்டுக்குரியது. ஆனால் எண்ணூரின் 1 கோடியே 60 லட்சம் டன்னுக்கு அதைப் போல 260க்கு மேற்பட்ட ஆலைகள் வேண்டும். அவ்வளவு சோடா உப்பை யார் வாங்குவார்கள் என்ற கேள்வி தனி.

இனி, அந்த 0.04 சதவீதத்துக்கு வருவோம். இந்த வாதத்தின் வலிமை முழுக்க ஓர் எண்ணின் சிறுமையில் நிற்கிறது. சிறிய பங்கு பெரிய விளைவைத் தராது என்று எண்ணூரில் நின்றுகொண்டு யாரும் சொல்லக் கூடாது. 2023 டிசம்பர் 26 இரவு, பெரியகுப்பத்தில் கோரமண்டல் இண்டர்நேஷனல் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து, மூச்சுத் திணறி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். காற்றில் 10 லட்சம் பங்குக்கு 300 பங்கு அம்மோனியா இருந்தால் அது உடனடி உயிராபத்து என்பது தொழிற்பாதுகாப்புத் துறையின் அளவுகோல். 300 பங்கு என்பது 0.03 சதவீதம். அம்மோனியா வேலை செய்யும் விதம் வேறு, கரியமில வாயு வேலை செய்யும் விதம் வேறு. ஆனால் "0.04 சதவீதம்தானே" என்பது ஒரு காரணமே அல்ல என்று காட்ட இது போதும். ஒரு பொருளின் அளவு சிறியதா பெரியதா என்பதை அது செய்யும் வேலையை வைத்துத்தான் சொல்ல முடியும்.

கரியமில வாயு செய்யும் வேலை என்ன? உலர்ந்த காற்றில் நைட்ரஜன், ஆக்சிஜன், ஆர்கான் மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 99.9 சதவீதம். பூமி இரவும் பகலும் வெளிவிடும் வெப்பக் கதிர்களை இந்த மூன்றும் தடுப்பதில்லை; அவை தடங்கலின்றி ஊடுருவிப் போய்விடும். ஆகவே வெப்பக் கதிர் விஷயத்தில் அந்த 99.9 சதவீதம் கணக்கிலேயே வராது. மிச்சமுள்ள சிறு பகுதிதான் பூமியின் வெப்பத்தைத் தீர்மானிக்கிறது. அதில் நீராவிக்கு அடுத்த இடம் கரியமில வாயுவுக்கு.

இது நேற்று முளைத்த கொள்கையும் அல்ல. 1856 ஜூலையில் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கல்மண்டபத்துக்குப் பக்கத்திலுள்ள ராயபுரம் நிலையத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. அடுத்த மாதம், அமெரிக்காவின் ஆல்பனி நகரில் நடந்த அறிவியல் மாநாட்டில் யூனிஸ் ஃபுட் என்ற பெண்மணியின் கட்டுரை வாசிக்கப்பட்டது. கண்ணாடி உருளைகளில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்தபோது, கரியமில வாயு இருந்த உருளைதான் மிக அதிகம் சூடேறியது, ஆறவும் நீண்ட நேரம் பிடித்தது. காற்றில் இந்த வாயு கூடினால் பூமி சூடாகும் என்று அவர் அன்றே எழுதினார். 1859இல் லண்டனில் ஜான் டின்டல் இன்னும் துல்லியமான கருவிகளோடு, நைட்ரஜனும் ஆக்சிஜனும் வெப்பக் கதிரை விட்டுவிடுகின்றன, நீராவியும் கரியமில வாயுவும் உறிஞ்சுகின்றன என்று அளந்து காட்டினார். 1896இல் சுவீடனின் ஸ்வாந்தே அரீனியஸ், இந்த வாயு இரட்டிப்பானால் பூமி எத்தனை டிகிரி சூடாகும் என்று கையாலேயே கணக்குப் போட்டார். அப்போது எந்தப் பருவநிலை மாநாடும் கிடையாது, மானியம் தேடும் விஞ்ஞானிகள் கூட்டமும் கிடையாது. ராயபுரம் ரயிலின் இஞ்சின் எவ்வளவு பழையதோ, அவ்வளவு பழைய இயற்பியல் இது.

"நீராவிதான் பெரிய பசுங்குடில் வாயு, அதை ஏன் விட்டுவிடுகிறார்கள்?" என்பது அடுத்த கேள்வி. யாரும் விடவில்லை. நீராவி காற்றில் தங்குவது சராசரியாகப் பத்து நாள்கூட இல்லை, மழையாகப் பெய்துவிடுகிறது. காற்று எவ்வளவு நீராவியைத் தாங்கும் என்பதை வெப்பம்தான் முடிவு செய்கிறது, ஒரு டிகிரிக்குச் சுமார் 7 சதவீதம் என்ற விகிதத்தில். அதாவது நீராவி தானாக வெப்பத்தை ஏற்றத் தொடங்காது. வேறொன்று ஏற்றிய வெப்பத்தை அது கூட்டித் தருகிறது. அந்த வேறொன்று கரியமில வாயு. அது மழையில் இறங்கிப் போவதில்லை. இன்று வெளியேறுவதில் ஒரு பகுதி ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் காற்றில் இருக்கும். கடனைப் போல: இந்த மாதம் வாங்குவதைக் குறைத்தாலும் அசல் ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

அந்த அசல் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதில் ஊகத்துக்கு இடமில்லை. தொழிற்புரட்சிக்கு முன் 10 லட்சம் பங்குக்குச் சுமார் 280 பங்கு. ஹவாயின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் 1958இல் அளக்கத் தொடங்கியபோது சுமார் 315. 2024இல் 420ஐத் தாண்டிவிட்டது. "எரிமலைகள் விடுவதாக இருக்கலாமே" என்பவர்களுக்குப் பதில்: உலகின் எல்லா எரிமலைகளும் சேர்ந்து ஆண்டில் விடுவது, மனிதர் எரிபொருளிலிருந்து விடும் சுமார் 3,700 கோடி டன்னில் ஒரு சதவீதமும் இல்லை. சான்று காற்றிலேயே இருக்கிறது. பல கோடி ஆண்டு மண்ணில் புதைந்திருந்த நிலக்கரியில் கரிமம்-14 என்ற கதிரியக்க வகை முழுதும் சிதைந்து போயிருக்கும்; அதனால் நிலக்கரிப் புகை கலக்கக் கலக்கக் காற்றில் அதன் விகிதம் நீர்த்துப்போகும். ஹான்ஸ் சூஸ் 1955இலேயே மர வளையங்களில் அதைக் கண்டறிந்தார். எரிவதற்கு ஆக்சிஜன் வேண்டும். காற்றில் ஆக்சிஜனும் அதற்கேற்பக் குறைந்துவருகிறது. இவையெல்லாம் ஒரே இடத்தைச் சுட்டுகின்றன.

சூரியனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறவர்களும் உண்டு. சூரியன்தான் காரணம் என்றால் காற்றுமண்டலம் கீழிருந்து மேல்வரை சூடாக வேண்டும். கரியமில வாயு காரணம் என்றால் கீழ் அடுக்கு சூடாகி மேல் அடுக்கு குளிர வேண்டும். 1967இல் சியுகுரோ மனாபே கணினி மாதிரியில் இந்த வேறுபாட்டை முன்கூட்டியே சொன்னார். பின்னால் செயற்கைக்கோள்களும் பலூன்களும் அளந்தபோது மேல் அடுக்கு குளிர்ந்திருந்தது. 2021இல் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

பயிருக்கு உணவு என்ற வாதம் பாதி உண்மை, அதனால்தான் அது அதிகம் ஏமாற்றுகிறது. கரியமில வாயு கூடினால் பல பயிர்கள் கொஞ்சம் வேகமாக வளரும். பசுங்கொட்டகைகளில் அதைச் செலுத்துகிறவர்களும் உண்டு. ஆனால் பசுங்கொட்டகையில் தண்ணீரும் உரமும் வெப்பமும் விவசாயியின் கையில் இருக்கின்றன. பொன்னேரி வயலில் அப்படி இல்லை. பிலிப்பைன்ஸ் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் பண்ணையில் கிடைத்த தரவுகளை வைத்து 2004இல் வெளியான ஆய்வு, சாகுபடிப் பருவத்தின் இரவு வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் நெல் விளைச்சல் 10 சதவீதம் குறைகிறது என்று காட்டியது. கூடுதல் கரியமில வாயுவில் விளைந்த அரிசியிலும் கோதுமையிலும் துத்தநாகமும் இரும்பும் புரதமும் குறைகின்றன என்று 2014இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு சொன்னது. சோறே முதன்மை உணவாக, ரத்தசோகை பரவலாக இருக்கும் ஒரு நாட்டில் இதை உணவு என்று கொண்டாட முடியாது.

"மரம் நட்டுச் சரிக்கட்டிவிடலாம்" என்பதும் இதன் உடன்பிறப்புதான். மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 சதவீதமாக்கும் இலக்கோடு 2022இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம் நல்ல வேலை. நிழலுக்கும் நிலத்தடி நீருக்கும் பறவைகளுக்கும் அது தேவை. ஆனால் வளர்ந்த மரம் ஒன்று ஆண்டுக்குச் சுமார் 20 கிலோ கரியமில வாயுவை உள்வாங்கும் என்று வைத்தால், எண்ணூர் நிலையங்களின் ஓராண்டுப் புகைக்கு மட்டும் 80 கோடி வளர்ந்த மரங்கள் வேண்டும். ஏக்கருக்கு 400 என நெருக்கி நட்டாலும் 20 லட்சம் ஏக்கர். அந்த மரங்கள் காயாமல், எரியாமல், வெட்டப்படாமல் பல தலைமுறை நிற்கவும் வேண்டும்.

மறுப்பு எழுதுகிறவர் தன் தரப்பின் மிகைகளையும் ஒப்புக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அவர் சொல்வது நிற்காது. ராயபுரம் முதல் எண்ணூர் வரை கரை அரிப்புக்கு முதல் காரணம் கரியமில வாயு அல்ல, சென்னைத் துறைமுகம்தான். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டப்பட்ட அலைத்தடுப்புச் சுவர்கள், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை மறித்தன. மெரினா அகன்றது, வடக்கே கடல் வீடுகளைத் தின்றது. 2015 டிசம்பர் சென்னைப் பெருமழையை ஆராய்ந்த சர்வதேசக் குழுவும், அதில் புவி வெப்பமாதலின் தெளிவான தடம் கிடைக்கவில்லை என்றே முடிவு சொன்னது. ஒவ்வொரு வெள்ளத்தையும் ஒவ்வொரு வெயிலையும் கரியமில வாயுவின் தலையில் கட்டுவது அறிவியல் அல்ல.

ஆனால் இதை ஒப்புக்கொள்வதால் எதிர்த்தரப்புக்கு லாபம் எதுவும் இல்லை. துறைமுகம் மணலைப் பறித்த கரையின்மீதுதான் கடல் மட்டமும் ஏறுகிறது. மத்தியப் புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020 மதிப்பீட்டின்படி வட இந்தியப் பெருங்கடலின் மட்டம் 1874 முதல் 2004 வரை ஆண்டுக்கு 1.06 முதல் 1.75 மில்லிமீட்டர் உயர்ந்தது. 1993 முதல் 2017 வரை ஆண்டுக்கு 3.3 மில்லிமீட்டர். மணல் இழந்த கரைக்குத் தாங்கும் சக்தி ஏற்கெனவே இல்லை. திருவொற்றியூர் கரையில் கொட்டிய கருங்கற்கள் மணல் போனதற்கான சிகிச்சை. ஏறும் நீருக்கு அந்தக் கற்களை எத்தனை முறை உயர்த்துவது?

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் கடலின் மாற்றம் வலையிலேயே தெரிகிறது. அதே மதிப்பீட்டின்படி வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு 1951க்கும் 2015க்கும் இடையில் ஒரு டிகிரி சூடேறியது. ஒரு காலத்தில் கேரள, கர்நாடகக் கரையோடு நின்ற எண்ணெய் மத்தி, 1980களின் கடைசியிலிருந்து கிழக்குக் கரையிலும் பெருமளவில் பிடிபடத் தொடங்கியதை மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். கடல் சூடேறியதோடு அதை இணைத்தார்கள். மேல்நீரில் திரிந்த கானாங்கெளுத்தி ஆழத்துக்கு இறங்குவதையும் சொன்னார்கள். மத்தி வந்தது லாபம்தானே என்று கேட்கலாம். மீன் வரவும் போகவும் தலைமுறை அனுபவத்துக்குப் பிடிபடாமல் போவது, டீசல் செலவு செய்து கடலுக்குப் போகிறவருக்கு லாபம் ஆகாது. மனிதர் விடும் கரியமில வாயுவில் ஏறக்குறைய கால் பங்கைக் கடல் உறிஞ்சுகிறது. தொழிற்புரட்சிக்குப் பின் கடல்நீரின் அமிலத்தன்மை சுமார் 30 சதவீதம் கூடிவிட்டது. ஓடு கட்டி வாழும் ஆளிக்கும் சிப்பிக்கும் இது நேரடிச் சுமை. எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பலும் வெந்நீரும் ஏற்கெனவே அவற்றின் பாதி உயிரை எடுத்துவிட்டன.

உள்ளூர் மாசை முதலில் தீர்ப்போம், பருவநிலையைப் பிறகு பார்ப்போம் என்பது இந்தக் கருத்தின் மிக நியாயமாகத் தோன்றும் வடிவம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அதை உடைத்துப்போட்டது. கொட்டிய மழையில் மணலி பெட்ரோலிய சுத்திகரிப்பு ஆலையிலிருந்து எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றுக்கும் எண்ணூர் முகத்துவாரத்துக்கும் வந்தது. வீட்டுச் சுவர்களில், படகுகளில், வலைகளில், அலையாத்திச் செடிகளின் வேர்களில் எண்ணெய் படிந்தது. சாக்குகளாலும் வாளிகளாலும் அதை அள்ளியது மீனவர்கள். ஆலையின் கழிவு உள்ளூர்ப் பிரச்சினை. கனமழை வானத்துப் பிரச்சினை. ஆனால் வீட்டுக்குள் இரண்டும் ஒன்றாகத்தான் வந்தன. சூடான காற்று அதிக நீரைச் சுமந்து ஒரேயடியாகக் கொட்டும் காலத்தில், ஒவ்வொரு சாம்பல் குளமும் ஒவ்வொரு எண்ணெய்த் தொட்டியும் முன்பைவிட ஆபத்தானது. எண்ணூரை ஒட்டிய செப்பாக்கத்துச் சாம்பல் குளத்தின் கரை எந்த மழைக்குக் கட்டப்பட்டதோ, அந்த மழை இனி வராது. அதைவிடப் பெரியது வரும்.

இன்னொரு உண்மை உள்ளூர்ப் போராளிகளுக்கே தெரிந்திருக்க வேண்டும். புகையிலுள்ள கந்தகத் துகள்கள் சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பி பூமியைக் கொஞ்சம் குளிர வைக்கின்றன. மனிதர் ஏற்றிய வெப்பத்தில் சுமார் 0.4 டிகிரியை இப்படி மாசுத் துகள்கள் மறைத்து வைத்திருக்கின்றன என்பது ஐ.நா.வின் பருவநிலைக் குழுவான ஐ.பி.சி.சி.யின் மதிப்பீடு. இந்தத் துகள்கள் சில நாளிலோ வாரத்திலோ விழுந்துவிடும். உயிரைக் காக்க அவற்றை நீக்கியே ஆக வேண்டும். நீக்கும்போது மறைந்திருந்த வெப்பம் வெளியே வரும். ஆகவே கந்தகத்தை வடிகட்டிக்கொண்டே நிலக்கரியை எரித்துக்கொண்டிருப்பது, வெப்பத்தைப் பொறுத்தவரை நிலைமையை இன்னும் மோசமாக்கும். இரண்டையும் சேர்த்து நிறுத்துவதற்கு ஒரே வழி எரிப்பதைக் குறைப்பது.

நியாயம் பற்றிய வாதம் ஒன்று மிச்சம் இருக்கிறது, அது எளிதில் ஒதுக்கக் கூடியது அல்ல. இந்தியர் ஒருவர் ஆண்டுக்கு விடுவது சுமார் 2 டன். அமெரிக்கர் ஒருவர் சுமார் 14 டன். இதுவரை சேர்ந்த மொத்தத்தில் அமெரிக்காவின் பங்கு கால்வாசி, இந்தியாவின் பங்கு அதைவிட மிகக் குறைவு. ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் ஒரே மின்விசிறியோடு வாழும் குடும்பத்தைப் பார்த்து "குறைத்துக்கொள்" என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. இந்தக் கோபம் முழுக்க நியாயமானது. ஆனால் இந்தக் கோபத்தையும், கரியமில வாயு ஒன்றும் செய்யாது என்ற பேச்சையும் ஒரே வாயால் சொல்ல முடியாது. பணக்கார நாடுகள் இழப்பீடு தர வேண்டும் என்றால் அவர்கள் விட்டது தீங்கு என்று பொருள். தீங்கு என்றால் அது அத்திப்பட்டிலிருந்து வந்தாலும் தீங்குதான். அதன் சுமையோ அட்லாண்டாவுக்கு முன் அந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் மேல்தான் இறங்கும். கடலோர ஈரக்காற்றில் வெப்பம் கூடும்போது வியர்வை ஆவியாகாது, உடல் ஆறாது. துறைமுகச் சாலையில் வரிசையில் நிற்கும் கன்டெய்னர் லாரி ஓட்டுநருக்கும், மீன் கூடையோடு வெயிலில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கும் அதிலிருந்து தப்பிக் குளிர் அறைக்குள் போக வழியில்லை.

மின்சாரம் வேண்டாம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. எண்ணூரின் பழைய அனல்மின் நிலையம் 1970 முதல் ஓடி 2017 மார்ச்சில் மூடப்பட்டது. சென்னை இருளில் மூழ்கவில்லை. முப்பந்தலிலிருந்து கயத்தாறு வரை தமிழ்நாட்டின் காற்றாலைகள் மட்டும் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டன. காற்று ஓயும் மாதங்களுக்கும் சூரியன் சாய்ந்த பிறகு ஏறும் தேவைக்கும் சேமிப்பு வேண்டும்; மின்கலத் தொகுப்புகளும் குந்தாவில் கட்டப்படுவது போன்ற நீரேற்று நிலையங்களும் அதற்குத்தான். செலவு உண்டு. ஆனால் காலநிலை மாற்ற இயக்கத்தை 2022இல் தொடங்கிய மாநிலமே 2024இல் 800 மெகாவாட் நிலக்கரி அலகைத் திறக்கும்போது, அந்த அலகு இனி பல பத்தாண்டுகள் ஓடியாக வேண்டும் என்ற நிர்ப்பந்தமும் கூடவே வந்துவிடுகிறது. புதிய தொழில்நுட்பத்தில் யூனிட்டுக்குக் கரி குறைவு என்று வாதிடலாம். மொத்தக் கரி கூடியிருக்கிறது. காற்றுமண்டலம் மொத்தத்தைத்தான் எண்ணுகிறது.

2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரஞ்சித்சிங் வழக்கில், பருவநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து விடுபட்டு வாழ்வது அரசியல் சாசனத்தின் 14, 21ஆம் பிரிவுகள் தரும் உரிமை என்று சொன்னது. அந்த உரிமை வடசென்னையில் காகிதத்தை விட்டு இறங்க வேண்டுமானால், கரியமில வாயுவை மாசுக் கணக்கிலிருந்து விலக்கி வைக்கும் பழக்கம் முதலில் ஒழிய வேண்டும். அத்திப்பட்டிலும் வல்லூரிலும் துகளுக்கும் கந்தகத்துக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போகும் தொடர் கண்காணிப்பு எண்களோடு கரியமில வாயுவின் எண்ணும் போகட்டும், பொதுமக்கள் பார்க்கும்படி வெளியாகட்டும். எண்ணூரில் அடுத்து வரும் ஒவ்வொரு அனல்மின் திட்டத்தின் கருத்துக்கேட்புக் கூட்டத்திலும், அதன் ஆயுள் முழுக்க எத்தனை கோடி டன் வெளியேறும் என்பது சுற்றுச்சூழல் அறிக்கையின் முதல் பக்கத்தில் தமிழில் இருக்கட்டும். 1990களின் நடுவில் ஓடத் தொடங்கிய வடசென்னை முதல் கட்டத்தின் மூன்று 210 மெகாவாட் அலகுகளுக்கு மூடும் தேதியும், அங்கே வேலை செய்கிறவர்களுக்கு மாற்று வேலைக்கான திட்டமும் ஒரே அரசாணையில் வரட்டும். கல்மண்டபத்தின் தூசிக்கு நீதிமன்றம் ஒரு தேதி குறித்தது, துறைமுகம் அதற்குக் கட்டுப்பட்டது. அத்திப்பட்டின் இந்த மூன்று அலகுகளுக்கும் அப்படி ஒரு தேதியைக் குறிக்கும் அதிகாரம் மாநில அரசிடமே இருக்கிறது. அதற்காக டெல்லியையோ வாஷிங்டனையோ எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை.